கதவு மூடியிருந்தபோது

"பாதிப் பாடம்தான் காதுல விழுது, டீச்சர். என் பேரை எடுத்துடுங்க."

போனில் இப்படிச் சொன்னவர் சுடலைமணி. நகரத்தின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் லிஃப்ட் இயக்குபவர். நாற்பது வயதைத் தாண்டியபின் இணையவழிக் கல்லூரியில் சேர்ந்து தாவரவியல் படித்துக்கொண்டிருந்தார்.

மறுமுனையில் இருந்தவர் அவருடைய ஆசிரியை நிலோஃபர். மாணவரைவிட வயதில் இளையவர்.

"ஏன் பாதி, அண்ணா?"

"வகுப்பு நேரமும் வேலை நேரமும் ஒண்ணு. லிஃப்ட் கதவு மூடினா சிக்னல் போயிடும். திறந்தா வரும்."

"ம்."

"இத்தனை வருஷமா ஏறி இறங்குறேன். எங்கேயும் போய்ச் சேரல. படிச்சாவது எங்கேயாவது போகலாம்னு பார்த்தேன். அதுவும் நடுவுலயே நிக்குது."

"உங்க கடை எங்கே இருக்கு?"

சுடலைமணி சொன்னார். நிலோஃபர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கடை திறந்தது. சுடலைமணி தன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

புடவைப் பிரிவில் வேலை செய்யும் பெண் ஒருத்தி லிஃப்டில் ஏறினாள்.

"என்னண்ணே, காதுல இயர்போனைக் காணோம்? காலேஜ் லீவா?"

"காலேஜே வேண்டாம்னு சொல்லிட்டேன், தாயி."

"அடடா! ஒரு காது கடைக்கு, ஒரு காது காலேஜுக்குன்னு சூப்பர்வைசர் அண்ணாச்சியே பிரிச்சுக் கொடுத்தாரே. இனி ரெண்டு காதும் கடைக்கா?"

சுடலைமணி பொத்தானை அழுத்தினார். அவள் முதல் மாடியில் இறங்கிக்கொண்டாள்.

லிஃப்ட் மீண்டும் கீழே வந்தது. தோளில் பை மாட்டிய ஒரு பெண் உள்ளே வந்தார்.

"நாலாவது மாடி."

சுடலைமணி சட்டென்று எழுந்து நின்றார். அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. வகுப்பு நேரத்தில் போன் எப்போதும் அவருடைய சட்டைப்பையில்தான் இருக்கும். ஆனால் அந்தக் குரலை அவருக்குத் தெரியும்.

"டீச்சர்!"

"உட்காருங்க, அண்ணா. நேத்துப் பாடத்துல என்ன கேட்டுச்சு?"

அவர் வாய் திறக்குமுன் கதவு மூடியது. நிலோஃபர் சிக்னல் போனதுபோல் சுவரைப் பார்த்தபடி நின்றார். சுடலைமணியும் கதவு திறக்கக் காத்திருந்தார்.

முதல் மாடி. கதவு திறந்தது. யாரும் ஏறவில்லை.

"சொல்லுங்க," என்றார் நிலோஃபர்.

"வேர் மண்ணுலேர்ந்து தண்ணி எடுக்குது, அதே தண்ணிதான் உச்சிக் கிளைக்கும் போகுது, நடுவுல மோட்டார் எதுவும் இல்லைன்னீங்க. கதவு மூடிடுச்சு."

"அப்புறம்?"

"திறந்தப்போ, இலையில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கு, வெயில்ல தண்ணி அது வழியா ஆவியாப் போகுதுன்னீங்க. மறுபடியும் மூடிடுச்சு. அடுத்துத் திறந்தப்போ வகுப்பே முடிஞ்சுபோச்சு."

"மூடியிருந்தப்போ என்ன செஞ்சீங்க?"

கதவு மூடியது. நிலோஃபர் மறுபடி சுவரைப் பார்த்தார்.

இரண்டாம் மாடியில் கதவு திறந்ததும் சுடலைமணி சொன்னார்.

"என்ன செய்யறது? சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்."

"சும்மாவா?"

"மரத்தை நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

கைகொள்ளாத பைகளோடு ஓர் அம்மாள் உள்ளே வந்தார்.

"கல்யாணப் பட்டு எந்த மாடிப்பா?"

"அடுத்த மாடிதாம்மா."

மூன்றாம் மாடியில் அந்த அம்மாள் இறங்கினார். நிலோஃபர் கேட்டார்.

"மரத்தைப் பத்தி என்ன நினைச்சீங்க?"

சுடலைமணி லிஃப்டின் கூரையைக் காட்டினார்.

"இந்தப் பெட்டியை யாரும் கீழேயிருந்து தள்ளல, டீச்சர். மேலே இருக்கிற கயிறு இழுக்குது. மரமும் அப்படித்தானோன்னு தோணிச்சு. இலையிலேர்ந்து ஒரு சொட்டு வெளியே போனா, அதைப் பிடிச்சுக்கிட்டு அடுத்த சொட்டு மேலே வரணும். அதைப் பிடிச்சு இன்னொண்ணு. அப்படியே வேர் வரைக்கும். தண்ணியே கயிறு. வெயில்தான் மோட்டார்."

கதவு மூடியது. இந்த முறை நிலோஃபர் சுவரைப் பார்க்கவில்லை. சுடலைமணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் மாடி.

"தப்புங்களா, டீச்சர்? நீங்க அதைச் சொன்னப்போ எனக்குக் கேட்கல."

"நான் அதைச் சொல்லவே இல்லை."

சுடலைமணியின் முகம் வாடியது.

"இன்னிக்குத்தான் சொல்றதா இருந்தேன்," என்றபடி நிலோஃபர் வெளியே இறங்கினார்.

சுடலைமணி கதவு மூடாதபடி பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், என் பேரு…"

நிலோஃபர் திரும்பினார்.

"ராத்திரியில் வெயில் இல்லை, அண்ணா. அப்போ மரம் என்ன செய்யும்?"

சுடலைமணி பொத்தானிலிருந்து கையை எடுத்தார். கதவு மூடியது.

சட்டைப்பையில் இருந்த இயர்போனை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரியில் நிற்கும் மரத்தை நினைத்துக்கொண்டார்.

அடுத்த மாடி வர இன்னும் நேரம் இருந்தது.