கறை தெரியாத விருந்து

ராஜாக்களுக்குக் கோபமும் பசியும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்த முன்னொரு காலத்தில், ஒரு மன்னரின் அவையில் தாண்டவன் என்ற விகடன் இருந்தான். அவனைக் கண்டாலே தலைமை அமைச்சரான பிரதானி கோனேரியாருக்கு வயிறு எரியும். தாண்டவனை நேரே அசைக்க முடியாததால், அவன் மைத்துனன் சடையன் மீது கண் வைத்தார். சடையன் அரண்மனை மடைப்பள்ளியின் தலைமைச் சமையல்காரன்.

அந்த மடைப்பள்ளியில் எல்லோருக்கும் வெள்ளை உடைதான். மன்னரின் பாட்டனார் காலத்தில் சமையல்காரர்கள் கறுப்பு வேட்டி கட்டினார்கள். அழுக்கு தெரியவில்லை, அதனால் யாரும் துவைக்கவுமில்லை. பாட்டனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்து, பிழைத்து எழுந்த பிறகுதான் வெள்ளை வந்தது. குழம்பில் முடி விழாமலிருக்கத் தலையில் இறுக்கிக் கட்டிய துண்டும், எண்ணெய் தெறித்தால் சுடாமலிருக்க மார்பில் இரட்டையாக மடித்துக் கட்டிய தடித்த துணியும் கூடவே வந்தன. நாளடைவில் காரணத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள், உடை மட்டும் நின்றது.

மன்னரின் மாமனார் விருந்துக்கு வரவிருந்தார். பிரதானி மெல்லப் பற்றவைத்தார்.

“பிரபு, சடையன் மஞ்சள் கறையோடு வந்து பரிமாறினால் தங்கள் மாமனார் என்ன நினைப்பார்?”

மாமனார் என்றதும் மன்னருக்கு வியர்த்தது. “நாளை விருந்தில் எவன் உடையில் கறை தெரிந்தாலும் அவனை நாடு கடத்துங்கள்!” என்று கட்டளையிட்டார்.

சடையன் தாண்டவனிடம் ஓடினான். “மச்சான், அடுப்புகிட்ட நின்னா கறை படாம இருக்குமா? புள்ளகுட்டியோட நான் எங்க போவேன்?”

தாண்டவன் அவன் காதில் ஏதோ சொன்னான். சடையன் மூக்கைச் சிந்திக்கொண்டு மடைப்பள்ளிக்குத் திரும்பினான்.

மறுநாள் பந்தியில் சமையல்காரர்கள் பளிச்சென்று நின்றார்கள். கறை என்று சொல்ல ஒரு பொட்டு இல்லை. இலையில் விழுந்தவை பச்சரிசி, ஒரு புளி உருண்டை, முழுக் கத்தரிக்காய். மாமனார் கத்தரிக்காயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன இது?” என்று மன்னர் கர்ஜித்தார்.

தாண்டவன் வணங்கினான். “கறையில்லாத உடைக்கு ஏற்ற விருந்து இதுதான், அரசே.”

“கெட்டிக்காரன் கறைபடாமலே சமைப்பான்!” என்று பிரதானி குதித்தார்.

“பிரதானியாரைவிடக் கெட்டிக்காரர் இந்த அவையில் யார்? ரசத்தை அவரே தாளித்துக் காட்டட்டும்” என்றான் தாண்டவன்.

பசியிலிருந்த மன்னர் உடனே தலையசைத்தார். அடுப்பும் கரண்டியும் அங்கேயே வந்தன. பிரதானி கையாலேயே மஞ்சள் கரைத்தார், நெய்யைக் காய்ச்சினார், கடுகைப் போட்டார். கடுகு வெடித்து அவருடைய பட்டு மேலாடையில் தெறித்ததும், “ஐயோ!” என்று துள்ளி மார்பைத் தட்டிக்கொண்டார். பட்டில் மஞ்சளாக ஐந்து விரலும் பதிந்தன.

கட்டளை எல்லோருக்கும் நினைவிருந்தது. பிரதானி சடையன் பக்கம் திரும்பினார்.

“சடையா, காப்பாற்றப்பா” என்றார்.

சடையனுக்கு ஆத்திரம் இல்லாமலில்லை. இவரால்தான் அவன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இருந்தாலும் தன் மார்புத் துணியை அவிழ்த்து உட்பக்கத்தைக் காட்டினான். மஞ்சள், புளி, நெய் எல்லாம் அங்கே இருந்தன.

“அடுப்புக்கு இந்தப் பக்கம், பந்திக்கு அந்தப் பக்கம். மச்சான் சொன்ன வழிங்க. நீங்களும் மாத்திப் போட்டுக்குங்க, சாமி” என்று பிரதானியின் மேலாடையை மடித்துக் கறையை உள்ளே தள்ளினான்.

மன்னர் அந்தத் துணியை உற்றுப் பார்த்தார். “இதில் குழம்பு இருக்கிறதே! அப்படியானால் சமைத்திருக்கிறீர்களா?”

“உள்ளே சூடாகக் காத்திருக்கிறது, அரசே” என்றான் தாண்டவன். “கறை தெரியக்கூடாது என்றுதானே உத்தரவு? தெரியவில்லை. ஆனால் கறை படாமல் இன்றுவரை யாரும் பசியாறியதில்லை.”

சோறும் குழம்பும் பாயசமும் வந்தன. நடந்ததை நினைத்து நினைத்து மன்னர் சிரித்தார். சிரிப்பில் கை குலுங்கிப் பாயசம் மார்பில் கொட்டியது.

தாண்டவன் மெல்லக் கனைத்தான். “அரசே, ‘எவன் உடையில்’ என்று தாங்கள்...”

மன்னர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் இலையிலிருந்து தலை தூக்காமல், “மாப்பிள்ளை, மாத்திப் போட்டுக்குங்க” என்றார்.

கட்டளை அங்கேயே ரத்தாயிற்று. மன்னர் மேலாடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி தன் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார். மாலையிலும் கொஞ்சம் பாயசம் இருந்தது.