ரக்கூன் கை கழுவிய கதை

அந்தக் காலத்தில் மிருகங்களும் பறவைகளும் ஒரே மொழி பேசின. சண்டை போட அது ரொம்ப வசதியாக இருந்தது. இன்று அமெரிக்கா என்று சொல்கிறோமே, அந்தத் தேசத்துக்கு அப்போது அந்தப் பெயர் கிடையாது. நடுவில் ஒரு பெரிய ஆறு ஓடியது. ஆற்றங்கரைக் காட்டில் ஒரு ரக்கூன் தன் மகளோடு குடியிருந்தான்.

ரக்கூன் நம் பக்கம் இல்லாத பிராணி. பூனையைவிடக் கொஞ்சம் பெரிது. வாலில் வளையம் வளையமாகக் கறுப்பு. கண்ணைச் சுற்றி மை அப்பியதுபோல ஒரு பட்டை. அதனால் இவனை எல்லோரும் மையன் என்றார்கள். மகள் பெயர் அஞ்சனி. காட்டில் வேறு யாருக்கும் இல்லாத ஒன்று இவர்களுக்கு இருந்தது. மனிதக் கை மாதிரி விரல் விரலாகப் பிரிந்த கை.

அந்தக் கையால்தான் மையனின் மனைவி செத்துப்போனாள். பனிக்காலத்தில் தோலுக்காகப் பொறி வைக்கிறவர்கள் காட்டுக்குள் வருவார்கள். பொறிக்குள் பளபளவென்று எதையாவது போட்டு வைப்பார்கள். விரல் உள்ள பிராணிக்குப் பளபளப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவள் கையை விட்டாள். கை திரும்பி வரவில்லை. பொறி வைத்த இடம் தங்களுக்கே மறந்துவிடக் கூடாது என்று அவர்கள் பக்கத்து மரத்தில் ஒரு குறி செதுக்கி வைப்பது வழக்கம். அன்றும் குறி இருந்தது. படிக்கத்தான் அவளுக்குத் தெரியவில்லை. மையனுக்கும் தெரியாது. அஞ்சனி அப்போது பால்குடி. ஆனால் அவள் கையும் அம்மா கை மாதிரியே துறுதுறுவென்று இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மையன் அந்த விரல்களைத் தன் கைக்குள் பொத்திக்கொள்வான்.

அந்த வருஷம்தான் பீவர் ஊரைக் கூட்டினார். பீவர் என்பது மரத்தைப் பல்லால் கடித்து வீழ்த்தி ஆற்றில் அணை கட்டும் பிராணி. அந்தக் காட்டுக்கு அவர்தான் தலைவர்.

"அவனவன் தன் பிள்ளைக்குத் தனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லிக்கொடுக்கிறான். தெரியாதது தெரியாமலே போகுது. எல்லாருக்கும் பொதுவா ஒரு பள்ளிக்கூடம் கட்டுவோம். வீட்டுக்கு ஒரு மரம் கொடுங்க" என்றார்.

மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் வளைக்கரடி எழுந்தது. "எனக்குப் பிள்ளையா குட்டியா? நான் எதுக்கய்யா மரம் கொடுக்கணும்?"

"படிக்காத பிள்ளைங்க பகலெல்லாம் என்ன பண்ணும்? உம்ம வளையைத்தான் தோண்டும்."

அன்று சாயங்காலமே வளைக்கரடி இரண்டு மரம் இழுத்து வந்து போட்டுவிட்டுப் போனது.

மரத்தின்மேல் மரம் அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். ஆனால் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கை நுழையும் சந்து. அதை அடைக்காவிட்டால் பனிக்காற்றில் பிள்ளைகள் விறைத்துப்போகும். குளம்பால் மண் பூச முடியுமா? அலகால் முடியுமா? மையன்தான் வந்தான். ஆற்றுக் களிமண்ணைப் புல்லோடு சேர்த்துப் பிசைந்து, ஒவ்வொரு சந்திலும் விரலால் திணித்துத் திணித்து அடைத்தான். முழங்கைவரை மண். நகத்துக்குள் மண். "மையா, உன் கை இல்லேன்னா நாங்க என்ன பண்ணுவோம்!" என்று பீவரே சொன்னார். மையன் அதைப் பெரிய பட்டம்போல நினைத்துக்கொண்டான்.

பாடம் சொல்லிக்கொடுக்க ஒரு காட்டு வாத்து வந்தாள். நாலு திசையும் பறந்தவள். பொறிக்காரர்கள் செதுக்கும் குறி அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. "வாத்துக்கு வாத்தியார் வேலைதான் பொருத்தம். பேரிலேயே பாதி இருக்கே" என்று வளைக்கரடி கிண்டல் பண்ணியது. வாத்தியாரம்மாவுக்குச் சம்பளம் கிடையாது. முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாடு. மையன் வீட்டு முறை வந்தபோது ஆற்றோரப் புல்லில் இளங்குருத்தாகப் பார்த்துக் கிள்ளி வைத்தான். "உன் பொண்ணு கொஞ்சம் வளரட்டும், அனுப்பு. குறி படிக்க முதல்ல அவளுக்குத்தான் சொல்லித் தருவேன்" என்றாள் அவள்.

பள்ளிக்கூடத்தில் பெரிசு சிறிசு எல்லாம் ஒரே அறையில் கலந்து உட்கார்ந்தன. பெயர் பரவப் பரவப் பிள்ளைகள் கூடின. அடுத்த வசந்தத்தில் வாத்தியாரம்மா தன் கூட்டத்தோடு வடக்கே புறப்பட்டாள். வெயில் காலம் முழுவதும் வாத்துகள் அங்கேதான் இருக்கும். இலை சிவக்கும்போதுதான் திரும்பும். கிளம்புகிற அவசரத்தில் அவள் பீவரிடம் சொன்னாள்:

"இத்தனை பேரை ஒரே கும்பலா வச்சுக்கிட்டு என்னால கத்த முடியல. நான் வர்றதுக்குள்ள வகுப்பு வகுப்பாப் பிரிச்சு வையுங்க."

எழுத்துப் பழகுகிறவர்கள் ஒரு பக்கம், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் ஒரு பக்கம், குறி படிக்கிறவர்கள் ஒரு பக்கம் என்று அவள் மனசில் இருந்தது. அதைச் சொல்வதற்குள் கூட்டம் கிளம்பிவிட்டது. சிறகை அடித்துப் போய்விட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் மேற்பார்வைக்கு ஒரு வான்கோழி இருந்தது. அது தலையைச் சாய்த்துக் கேட்டது. "வகுப்புன்னா என்ன தலைவரே?"

"இது தெரியாதா? நீ என்ன வகுப்பு? நான் என்ன வகுப்பு?"

"ஓ, அதுவா! அது எனக்கு நல்லாத் தெரியுமே."

குலம் பார்த்தே பழகிய காதில் அந்தச் சொல் வேறு எப்படி விழும்? இரண்டு பேரும் கோடை முழுக்க உழைத்து அறைக்குள் தடுப்பு வைத்தார்கள். குளிருக்கு மூட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் பீவர் வகுப்பு. அடுத்தது வான்கோழி வகுப்பு. அப்புறம் மான் வகுப்பு, முயல் வகுப்பு. தடுப்பு வைக்க வைக்க இடம் சுருங்கியது. கடைசியில் ரக்கூன் வகுப்புக்கு இடமில்லை.

இலை சிவந்தது. வாத்தியாரம்மா இன்னும் வரவில்லை. ஆனாலும் வான்கோழி பள்ளியைத் திறந்துவிட்டது. மையன் மகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

வான்கோழி மேலும் கீழும் பார்த்தது. இடமில்லை என்று சொன்னால் தடுப்பைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்வானோ என்று அதற்குப் பயம். "கை என்னப்பா இவ்வளவு அழுக்கு? பள்ளிக்கூடத்துக்கு வர்ற கையா இது? கழுவிட்டு வா."

மையன் மகளை ஆற்றுக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டான். தானும் கழுவிக்கொண்டான். திரும்பி வந்தார்கள்.

"நகத்துக்குள்ள இருக்கு பாரு."

மறுபடி போனார்கள். மணலைப் போட்டுத் தேய்த்தார்கள். அஞ்சனியின் விரல்நுனி சிவந்தது.

"ஈரக்கையோட வரலாமா? காயட்டும். காயும்போது தூசி ஒட்டிக்கும், மறுபடி கழுவிட்டு வா."

"ஐயா, ரக்கூன் கை நிறமே இதுதான்யா."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்று வான்கோழி கழுத்துத் தோலை ஆட்டியது. உள்ளே முயல் குட்டிகள் சிரித்தன.

மையன் பேசவில்லை. பேசாதவன் மறந்துவிட்டான் என்று சிலர் நினைக்கிறார்கள். பேசாதவன்தான் மறப்பதே இல்லை. அவன் சுவரோரம் போனான். முதல் சந்தில் விரலை விட்டான். காய்ந்த மண் கட்டியாகப் பெயர்ந்து வந்தது.

"ஏய், என்ன பண்றே!"

"என் கை அழுக்குன்னா, இந்தக் கை வச்ச மண்ணும் அழுக்குத்தானே. உங்க பிள்ளைங்க மேல ஒட்டிக்கப் போகுது. எடுத்துடறேன்."

வான்கோழி இறக்கையை விரித்து ஆர்ப்பாட்டம் பண்ணியது. பீவர் ஓடி வந்தார். தடுக்க யாருக்கும் கை இல்லை. பொழுது சாய்வதற்குள் பள்ளிக்கூடம் சல்லடை மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் வடகாற்று கிளம்பியது. அடுப்படியில் உட்கார்ந்த பீவர் குட்டிகளுக்கே பல் கிட்டியது. தடுப்பு காற்றை நிறுத்தவில்லை. எல்லா வகுப்பும் ஒரே மாதிரி நடுங்கியது.

அன்றுதான் வாத்தியாரம்மா வந்து இறங்கினாள். சுவரைப் பார்த்தாள். தடுப்பைப் பார்த்தாள். "என்ன இது?"

"நீங்க சொன்ன வகுப்புதான்" என்றார் பீவர்.

"யார் எவ்வளவு படிச்சிருக்காங்கன்னு பார்த்துப் பிரிக்கச் சொன்னா, யார் யாருக்குப் பிறந்தாங்கன்னு பார்த்துப் பிரிச்சு வச்சிருக்கீங்களே!" அவள் தன் அலகாலேயே தடுப்பைக் கொத்தித் தள்ளினாள். "மையனைக் கூப்பிடுங்க."

பீவரும் வான்கோழியும் மையன் குடியிருந்த மரப்பொந்துக்குக் கீழே போய் நின்றார்கள்.

"மையா, வந்து மண் வச்சுக் கொடுப்பா" என்றார் பீவர்.

மையன் மேலிருந்தே பதில் சொன்னான். "கழுவின கை தலைவரே. மறுபடி மண்ணைத் தொட்டா அழுக்காயிடும். அப்புறம் ஐயா கிட்டப் பேச்சு வாங்கணும்."

வான்கோழி தலையைக் குனிந்தது. வெட்கத்தில் அதன் கழுத்தெல்லாம் சிவந்துபோனது. "தெரியாம சொல்லிட்டேன் மையா."

"தெரிஞ்சுதான் சொன்னீங்க. வலிக்கும்னுதான் தெரியல."

மையன் அசையவே இல்லை. அவனுக்கு அந்தக் கோபம் கதகதப்பாக இருந்தது. பனிக்காலம் முழுக்க அதிலேயே குளிர்காய்ந்துவிடலாம் என்று தோன்றியது.

அஞ்சனி பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, இப்போ உள்ளே விடுவாங்களா?"

"விடுவாங்க. இப்போ விடாம என்ன செய்வாங்க?"

"அப்படின்னா, சுவர் இல்லாம எனக்கும்தானே குளிரும்?"

மையன் மகளின் கையைப் பார்த்தான். பொறிக்காரர்கள் வரும் காலம் நெருங்கிவிட்டது. அவன் கோபத்தில் அவன் குளிர்காயலாம். அவளுக்குக் குறி படிக்க அது சொல்லித் தருமா? கீழே இறங்கினான். "முதல்ல என் பொண்ணு உள்ளே போய் உட்காரட்டும். அப்புறம்தான் மண்ணைத் தொடுவேன்" என்றான். பீவரே அஞ்சனியை முதுகில் ஏற்றிக் கொண்டுபோய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். மையன் களிமண் பிசைந்து சுவரை அடைத்தான்.

இனிப் பிரிவு படிப்பைப் பார்த்துத்தான் என்று வாத்தியாரம்மா சட்டம் போட்டாள். எந்தப் பிள்ளை வரவில்லையோ அதன் வீட்டு வாசலுக்குப் பள்ளிக்கூடமே ஆள் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னாள். அவள் வடக்கே போகிற கோடையில் மட்டும் பள்ளிக்கு விடுமுறை.

அந்தப் பனிக்காலத்தில் ஆற்றோரம் ஒரு பளபளப்பைப் பார்த்து அஞ்சனியின் கை நீண்டது. கண் பக்கத்து மரத்துக்குப் போனது. குறியைப் படித்தாள். கையை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். மையன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு அழுதான்.

எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஒன்றைத் தவிர. பள்ளியில் சாப்பாட்டு நேரம் வந்தால் மற்றக் குட்டிகள் கிடைத்ததை வாயில் போட்டுக்கொள்ளும். அஞ்சனி மட்டும் ஓடைக்குப் போய்க் கையைக் கழுவுவாள், தின்பண்டத்தையும் கழுவுவாள். "இனி வேண்டாம்மா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க" என்று வான்கோழியே கெஞ்சிச் சொன்னது. அவள் தலையாட்டுவாள். ஆனால் கை கேட்காது. பின்னால் அவள் பிள்ளைகளும் அவளைப் பார்த்துக் கழுவின.

அன்று முதல்தான் ரக்கூன் எதைத் தின்னப் போனாலும் தண்ணீரில் அலசிக்கொள்கிறது. ஆற்றிலிருந்து அப்போதுதான் பிடித்த மீனைக்கூட அதே ஆற்றில் முக்கி முக்கிக் கழுவுகிறது. பார்க்கிறவர்கள் எவ்வளவு சுத்தமான பிராணி என்று மெச்சுகிறார்கள்.