நிலா உதயம் ஆறு ஐந்து

ஆற்றுக்கு அக்கரையில், மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. சித்தர் ஒருவர் அடங்கிய சமாதி, அதன்மேல் ஓட்டுக்கூரை, பின்னால் நீளமாக ஒரு கொட்டகை. புத்தி கலங்கியவர்களைச் சொந்தக்காரர்கள் அந்தக் கொட்டகையில் கொண்டுவந்து விடுவார்கள். விடும்போது ஓவென்று அழுவார்கள். முதல் வருஷம் மாசாமாசம் வருவார்கள், அடுத்த வருஷம் பொங்கலுக்கு வருவார்கள், அப்புறம் வரமாட்டார்கள்.

மாசானம் அப்படி விட்டுப் போனவர் அல்ல. ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தவர். மனைவி சண்முகத்தாய் இறந்த மறுவருஷம் மகள் வடிவுக்குப் புத்தி பிசகியது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மகளோடு தானும் மடத்துக்கு வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்துக்கொண்டவர் கொட்டகையில் இருந்த மற்ற நாலு பேரையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

பெரிய சாமி இருந்தவரை அவருக்குச் சீடர். அவர் அடங்கியபின், இரண்டு வருஷமாகச் சின்னச் சாமிக்குச் சீடர். குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு அறுபத்தொன்று. அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பௌர்ணமி அன்று கொட்டகையில் இருக்கும் ஐந்து பேரையும் தூணோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். நிலா ஏறினால் பித்தும் ஏறும் என்பது பெரிய சாமி வாக்கு. கட்டுகிற வேலை மாசானத்துடையது. கயிறு கையை அறுக்கும் என்று, சண்முகத்தாயின் பழைய நூல்சேலை இரண்டைக் கிழித்துப் பட்டை பட்டையாக வைத்திருந்தார். தகரப்பெட்டியில் அவை இருக்கும். பாசக்கார மனுஷன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மற்ற நாட்களில் வடிவு அரிசி புடைப்பாள், சமாதிக்குப் பூக் கட்டுவாள். பேச்சுதான் குறைவு. பௌர்ணமி அன்று மட்டும் ஆளே மாறிவிடுவாள். கடிப்பாள், தலையைத் தூணில் மோதுவாள், தொண்டை கட்டும்வரை கத்துவாள்.

அந்த ஐப்பசியில், மழை வலுக்கும் முன்பு ஒரு கடுதாசி வந்தது. சண்முகத்தாயின் தங்கை கோமு எழுதியிருந்தாள்.

'அத்தான், வடிவை இனி நான் வச்சுக்கிடுதேன். அக்கா மக எனக்கும் மகதான். ஆனா வீட்டுல எம்மவ பிள்ளை பெத்து வந்திருக்கா, தொட்டில் ஆடுது. நிலாக் காலத்துல வடிவு கைநீட்டுவாளா, மாட்டாளா? நீங்க ஒரு வரி எழுதினாப் போதும். மாட்டாள்னா, மழை ஓஞ்சதும் கார் எடுத்துக்கிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்.'

மாசானம் கடுதாசியை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார். கூடவே ஒரு நோட்டும் கொண்டுபோனார். கேட்டில் இருந்தபோது ரயில் வரும் நேரம், போகும் நேரம் எழுதிய கை அது. மடத்துக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை.

"சாமி ஒரு வார்த்தை சொல்லணும். பௌர்ணமிக்குப் பைத்தியம் பிடிக்குங்கது உண்மைதானா?"

"நீங்க என்ன நெனைக்கீங்க, அண்ணாச்சி?"

"நான் என்னத்த நெனைக்க? எழுதி வச்சிருக்கேன். ஆறு வருஷம், ஒரு பௌர்ணமி விடல."

"வாசிங்க."

மாசானம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "புரட்டாசி பௌர்ணமி. கட்டியது மூணு அம்பது. கத்த ஆரம்பிச்சது மூணு அம்பத்தஞ்சு. நிலா உதயம் ஆறு பத்து. அதுக்கு முந்தி ஆவணி. கட்டியது மூணு நாப்பத்தஞ்சு. கத்த ஆரம்பிச்சது..."

"நிலா வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முந்தியே கட்டிப்போடுதீங்களே, ஏன்?"

மாசானத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரயிலு வந்தபொறவா சாமி கேட்டை மூடுவாவ?"

குரு கை நீட்டினார். கடுதாசியை வாங்கிப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "பௌர்ணமி வரட்டும், பாத்துட்டு எழுதலாம்" என்றார்.

மறுநாள் பிடித்த மழை விடவே இல்லை. ஆற்றில் தரைப்பாலம் முங்கிவிட்டது. மடத்துக்கு ஒரு ஈ காக்கை வரவில்லை. மலையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை, பகலிலேயே விளக்கு வைக்க வேண்டியிருந்தது. மடத்தில் நாட்காட்டி கிடையாது. இருந்தது ஒரு பஞ்சாங்கம், அதுவும் குருவின் கையில். காலையில் சமாதிக்குப் பூப் போட்டுவிட்டு அன்றைய திதியைக் குரு வாய்விட்டுச் சொல்லுவார். மடத்துக்கு அதுதான் நாள்.

மழையின் ஏழாம் நாள் காலையில் குரு சொன்னார்: "இன்னைக்குப் பௌர்ணமி. நிலா உதயம் ஆறு அஞ்சு."

மாசானத்துக்கு ஒரு நொடி நெருடியது. இந்த மாசம் கொஞ்சம் சீக்கிரம் வந்ததுபோல் இருந்தது. ஆனால் முப்பது வருஷம் கேட்டில் வேலை பார்த்தவர். மணி அடித்தால் கேட்டை மூடுவதுதான் அவர் வேலை, ரயில் எங்கே என்று எட்டிப் பார்ப்பது அல்ல. போதாததற்கு, சொன்னது குரு.

மூன்றே முக்காலுக்குத் தகரப்பெட்டியைத் திறந்தார். துருப்பிடித்த மூடி வழக்கம்போலக் கிறீச்சிட்டது. கொட்டகையில் பூத் தொடுத்துக்கொண்டிருந்த வடிவு நாரைக் கீழே போட்டாள். எழுந்து கடைசித் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஏட்டி வடிவு, வா. ஒரு ராத்திரிதான்."

"அம்மா சேலையை எடுக்காதப்பா."

"இங்க வாட்டி."

"அம்மா சேலையை எடுக்காத."

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவள் இதைத்தான் சொல்வாள். மாசானம் அதையும் ஒருமுறை நோட்டில் எழுதியிருந்தார், 'செத்த தாயை நினைத்து உளறுகிறாள்' என்று.

கட்டும்போது அவர் புறங்கையைக் கடித்தாள். சதை பிய்ந்து ரத்தம் வந்தது. அவர் அழுதுகொண்டே முடிச்சுப் போட்டார். மற்ற நாலு பேரும் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். அந்தச் சத்தத்தில் மழைச் சத்தம் கேட்கவில்லை. குரு கொட்டகை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

காலையில் கட்டை அவிழ்த்தபோது வடிவின் மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. மாசானம் மஞ்சள் அரைத்துப் பூசினார். பிறகு உட்கார்ந்து கோமுவுக்குக் கடுதாசி எழுதினார். 'அம்மா கோமு, கேட்டதுக்கு நன்றி. நேற்றுப் பௌர்ணமி. என் கையையே கடித்துவிட்டாள். கைப்பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இவளை அனுப்பமாட்டேன். இவள் விதி மடத்தோடு போகட்டும்.' தண்ணீர் வடிந்ததும் தபாலில் சேர்க்கச் சொல்லிக் குருவிடம் கொடுத்தார். குரு வாங்கிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

கட்டிய நாளுக்குப் பிறகு மழை மேலும் நாலு நாள் பெய்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் விட்டது. சாயங்காலம் மலைக்கு மேல் மேகம் கிழிந்தது. மாசானம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். வடிவு கொட்டகைக்கு வெளியே, கல்லின்மேல் உட்கார்ந்து சிறுகிழங்கைத் தோல் போக உரசிக்கொண்டிருந்தாள். ஐந்து நாளாக அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது தலையைத் தூக்கினாள்.

"யப்பா, அங்க பாரு. நிலா எவ்வளவு பெருசு."

மாசானம் திரும்பிப் பார்த்தார். தென்னை மட்டைக்கு மேலே முழு நிலா. ஒரு பக்கமும் தேயவில்லை. ஐந்து நாள் பழைய நிலா இப்படி இருக்காது என்பது கேட் கீப்பருக்கும் தெரியும், கைப்பிள்ளைக்கும் தெரியும்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் மேலெல்லாம் நிலா வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அவள் கிழங்கைத் தண்ணீரில் போட்டு அலசினாள். கொட்டகைக்குள் ஒருவர் தூக்கத்தில் இருந்தார், இரண்டு பேர் கூழாங்கல் வைத்து ஏதோ விளையாடிக்கொண்டிருந்தார்கள், இன்னொருவர் வேடிக்கை பார்த்தார்.

மாசானம் ஈரக் காலோடு குருவின் அறைக்குப் போனார்.

"இன்னைக்கு என்ன திதி, சாமி?"

"பௌர்ணமி."

"அன்னைக்கு?"

"தசமி."

"பொய் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எம்மவ கை உரிஞ்சுகிடக்கு. ஒரு பொய்க்கா அவளைக் கட்ட வச்சீங்க?"

"ஆமா அண்ணாச்சி. அந்தப் புண்ணு நான் போட்டது. எந்தச் சாமிகிட்டயும் நான் அதுக்கு மன்னிப்புக் கேக்க முடியாது. அதுக்குக் கீழ இருக்க பழைய தழும்பெல்லாம் யாரு போட்டது?"

மாசானம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் கேட்ட அன்னைக்கே வாயால சொல்லியிருக்கலாமே."

"நோட்டைத் தூக்கி என் முன்னாடி நீட்டியிருப்பீங்க."

"ரெண்டு வருஷமா நீங்களும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"முதல் வருஷம் நானும் நம்புனேன். ரெண்டாம் வருஷம் சந்தேகம் வந்துச்சு. பெரிய சாமி வாக்காச்சேன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதுக்கு ஒரு பேரு இருக்கு, அண்ணாச்சி. உங்க வாயால நீங்களே சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்."

மாசானம் இடுப்பில் செருகியிருந்த நோட்டை உருவினார். அதை மடியில் விரித்தார். கட்டியது மூணு அம்பது. கத்த ஆரம்பிச்சது மூணு அம்பத்தஞ்சு. நிலா உதயம் ஆறு பத்து. பக்கத்தைத் திருப்பினார். கட்டியது, கத்தியது, உதயம். இன்னொரு பக்கம். அதே வரிசை. ஆறு வருஷம் தன் கையால், பிழையில்லாமல், நிமிஷம் தவறாமல் எழுதியிருந்தார். ஒரு பௌர்ணமிக்குக்கூட நிலா முதலில் வரவில்லை.

நோட்டை மூடி எழுந்தார். இனி அந்தச் சேலைக் கிழிசல் மடத்தில் இருக்கக்கூடாது, ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. நேரே போய்த் தகரப்பெட்டியின் மூடியைத் தூக்கினார்.

மூடி கிறீச்சிட்டது.

வெளியே கிழங்குச் சட்டி கல்லில் விழுந்து உடைந்தது. வடிவு கத்தினாள். அவளைத் தொடர்ந்து கொட்டகையில் ஒவ்வொருவராகக் கத்தத் தொடங்கினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவரும் எழுந்து கத்தினார்.

மாசானம் பாதி திறந்த மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திறக்கவும் பயம், மூடவும் பயம். மூடினாலும் அது கிறீச்சிடும். ரொம்ப நேரம் அப்படியே நின்றார். கடைசியில் மேல்துண்டை எடுத்துக் கீலில் சுற்றி, விரல் விரலாக மூடியைக் கீழே இறக்கினார். சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. வடிவு கடைசித் தூணுக்குப் பின்னால், இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டியபடி நின்றிருந்தாள். கட்டுவதானால் கட்டிவிடு என்பதுபோல. அவர் அவளிடம் போகத் துணியவில்லை.

திரும்பி வந்தபோது குரு பஞ்சாங்கத்தைத் திறந்து, உள்ளே இருந்த கடுதாசியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்தார்.

"நாளைக்குத் தண்ணி வடிஞ்சிரும். தபால்காரர் வருவாரு."

மாசானம் பழைய கடுதாசியைக் கிழித்தார். பேனாவை எடுத்தார். 'அம்மா கோமு' என்று எழுதினார். அதற்குமேல் கை ஓடவில்லை.

"பிள்ளையை வந்து கூட்டிட்டுப் போன்னு எழுதிருவேன். ஏன் இத்தனை வருஷம் கட்டிப்போட்டேன்னு கேப்பாளே, சாமி. என்னன்னு எழுத? பௌர்ணமிக்குப் பைத்தியம் பிடிக்குங்கது பொய்யின்னு எழுதட்டுமா?"

குரு ஜன்னல் வழியே நிலாவைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"பொய்யின்னு எழுதாதீங்க, அண்ணாச்சி. உண்மைன்னே எழுதுங்க. யாருக்குப் பிடிக்குன்னு மட்டும் சேத்து எழுதுங்க."