சாக்கு மேல் வைத்த சாமான்

பாலக்கரையில் பழைய சைக்கிள் சாமான்களுக்கு விலை சொல்லும் பிலோமினா மாஸ்டரிடம் ஒரே ஒரு சிஷ்யர் இருந்தார். பெயர் காத்தமுத்து. மாஸ்டரைவிட அவருக்குத்தான் வயது அதிகம். நெடுங்காலம் வாடகை சைக்கிள் கடை நடத்தியவர். அவர் அந்தப் பெண்ணை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுவார். மாஸ்டர் அவரை ‘அண்ணே’ என்பார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. விலை கேட்டு வருகிறவர் சாமானைக் கொண்டுவந்து, தரையில் விரித்திருக்கும் சாக்கின் மேல் வைக்க வேண்டும். மாஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு விலை சொல்வார். சொன்னது சொன்னதுதான். விற்பவரும் வாங்குபவரும் அதற்குக் கட்டுப்படுவார்கள். வெளியூரிலிருந்து காரில் வந்து இறங்குகிறவர்களும் அப்படித்தான்.

காத்தமுத்துவுக்கு அந்தச் சாக்கைப் பிடிக்கவே இல்லை.

“வண்டியில மாட்டியிருக்கும்போதே எனக்கு விலை தெரிஞ்சிடும் மாஸ்டர். எதுக்கு இந்தச் சாக்கு?”

“சாக்குல வச்சாத்தான் அண்ணே விலை.”

“அதான் ஏன்னு கேக்குறேன்.”

மாஸ்டர் ஒரு பழைய மணியின் மூடியைத் திறந்து உள்ளே ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை கோயம்புத்தூர் சிவானந்தம் வந்தார். பழைய சைக்கிள் சேர்ப்பவர்களில் நல்லவர்களும் இருக்கிறார்கள். இவர் அந்த வகை இல்லை. சைக்கிளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, தெருமுனையில் இறக்கி, அங்கிருந்து கடைவரைக்கும் நாலு பேர் பார்க்க ஓட்டிக்கொண்டு வருவார். அன்று அவருக்குப் பின்னால், கேரியரில் கீரைக்கூடையோடு ஒரு கறுப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். காந்தி மார்க்கெட்டில் கீரை எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் செல்லாயி.

இரண்டும் ஒரே கம்பெனி வண்டி. ஒரே காலத்து வண்டி. சிவானந்தத்தின் வண்டியில் மணி முதல் மட்கார்டு வரை எல்லாம் அசல். ஒன்றுதான் டூப்ளிகேட்: பெடல் சுற்றும் பல்சக்கரமும் அதன் அச்சும். செல்லாயியின் வண்டியில் எல்லாம் மாறிப்போயிருந்தது. அந்தப் பல்சக்கரமும் அச்சும் மட்டும் அசல். நடுவில் மயில் உருவம் வெட்டிய சக்கரம். மயிலின் கழுத்தில் சேறு காய்ந்திருந்தது.

“அந்தத் துருப்பிடிச்ச சக்கரத்தையும் அச்சையும் கழட்டிக் குடுத்தா முன்னூறு ரூபா தர்றேன்னு சொன்னேனுங்க,” என்றார் சிவானந்தம். “புதுசும் மாட்டிக் குடுத்துடறேன். உங்க கடையில ஒரு வார்த்தை சொல்லிட்டா அந்தம்மாவுக்கும் திருப்தி.”

காத்தமுத்துவுக்கு உச்சந்தலையில் சுள்ளென்று ஏறியது. “முன்னூறா? கீரைக்காரம்மான்னா இளிச்சவாய்னு நெனைச்சீங்களா?”

மாஸ்டர் அவரைப் பார்த்தார். “நீங்களே விலை சொல்லுங்க அண்ணே.”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் இத்தனை நாளாகக் காத்திருந்தார். குனிந்து, சேற்றைச் சுரண்டி, மயிலைப் பார்த்தார். பல் ஒவ்வொன்றையும் விரலால் தடவினார். பெடலைச் சுற்றிவிட்டு அச்சின் சத்தத்தைக் கேட்டார்.

“மூவாயிரம். எந்த பஜார்லயும் போய்க் கேளுங்க. ஒரு ரூபா கூடவும் இல்ல, குறைவும் இல்ல.”

சிவானந்தம் முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. உடனே பையில் கைவிட்டு நோட்டை எடுத்தார். முன்னூறு மூவாயிரமானதும் செல்லாயி கூடையின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். காத்தமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

“முதல்ல இவர் வண்டியில ஒரு காட்டர் பின்னைக் கழட்டுங்க,” என்றார் மாஸ்டர்.

பெடல் கட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் சின்ன ஆப்பு அது. டூப்ளிகேட்டைக் கழற்றினால்தானே மயில் சக்கரத்தை மாட்ட முடியும் என்று சிவானந்தமும் பேசாமல் இருந்தார். காத்தமுத்து நட்டைத் திருகி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிப் பின்னை எடுத்தார். மாஸ்டர் அதை வாங்கிச் சாக்கின் மேல் வைத்தார்.

“இதுக்கு விலை?”

“இதுக்கா? இருபது ரூபா.”

மாஸ்டர் இருபது ரூபாயை எடுத்துச் சிவானந்தத்திடம் நீட்டினார். பின்னைத் தன் டப்பாவில் போட்டு மூடினார்.

“சாக்குல சொன்ன விலை. குடுத்துட்டேன். நீங்க போயிட்டு வாங்க.”

“எங்கீங்க போறது? பெடலை மிதிச்சா கட்டை மட்டுந்தானுங்க சுத்தும்!”

“விலை சரியில்லையா?”

“விலை கெடக்குதுங்க! அதை விக்கிறேன்னு நான் சொன்னனா? அது வண்டியில இருக்கிற சாமானுங்க! என்னங்க இது, அக்கிரமமா இருக்குது!”

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். செல்லாயி அவருடைய சைக்கிளைப் பார்த்தாள். பிறகு தன்னுடையதைப் பார்த்தாள்.

“அப்ப என்னுதைக் கழட்டினா?” என்று காத்தமுத்துவிடம் கேட்டாள். “புதுசு மாட்டினா ஓடும்ல அய்யா?”

காத்தமுத்து மறுபடி குனிந்து பார்த்தார். வாடகைக் கடைக்காரருக்கு இது தெரியாத விஷயமா?

“ஏறாது தாயி. இந்த ஃபிரேமுல அச்சு திருகி ஏறுற மரை வேற. இப்ப வர்ற அச்சு எதுவும் இதுல புடிக்காது. இவரு வண்டியில தகரம் சுருட்டிச் செருகி ஒப்பேத்தியிருக்கு, கீரைக்கூடை பாரத்துக்கு அது தாங்காது. இதைக் கழட்டினா ஃபிரேமை எடைக்குத்தான் போடணும்.”

“புதுசு மாட்டித் தர்றேன்னு இவரு சொன்னாரே?”

எல்லோரும் சிவானந்தத்தைப் பார்த்தார்கள். அவர் தன் வண்டியின் மணியைத் துடைத்தார்.

“வெல்டிங் வெச்சு ஏதாச்சும் பண்ணிக்கலாமுங்க...”

“தெரிஞ்சேதான் கேட்டிருக்க!” செல்லாயியின் குரல் தெருமுனைவரை கேட்டது. “மூவாயிரத்துக்குப் புது சைக்கிள் எவன் தருவான்? நாளைக்குக் கீரைக்கூடையை உன் தலையிலயா ஏத்தி அனுப்புறது? வேலையத்துப்போய் வீட்டுல நிறுத்தி வைக்கிற வண்டிக்கு ஓடுற வண்டியை அறுக்கணுமா? நல்லா இருப்பியா நீ?”

“கேக்கிற விலை குடுத்தர்றேனுங்க. ஐயாயிரம்?”

“கீரை வாடுது,” என்றாள் அவள். கூடையின் கயிற்றை இறுக்கி, ஒரு காலைப் பெடலில் வைத்து உந்தி ஏறிப் போய்விட்டாள்.

மாஸ்டர் பின்னைத் திருப்பிக் கொடுத்து, இருபது ரூபாயை வாங்கிக்கொண்டார். சிவானந்தம் பின்னைக் கையில் வைத்துக்கொண்டு காத்தமுத்துவைப் பார்த்தார்.

“நீங்களே மாட்டிக்குங்க,” என்றார் காத்தமுத்து.

ஊரில் உள்ள பழைய சைக்கிளெல்லாம் தனக்கு வேண்டும் என்கிறவருக்கு ஒரு காட்டர் பின் அடிக்கத் தெரியவில்லை. வேன்வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

அவர் போனதும் காத்தமுத்து ஸ்பேனரைத் தரையில் வீசினார். நியாயமான கோபம்தான். பத்து மடங்கு ஏற்றி நியாயமாக விலை சொன்னவரை நாலு பேர் முன்னால் நிற்க வைத்தால் யாருக்குத்தான் வராது?

“அந்தாளு களவாணி, சரி. நான் என்ன தப்பு பண்ணினேன்? மூவாயிரம் தப்பான விலையா? நீங்களே சொல்லுங்க!”

“சரியான விலைதான் அண்ணே.”

“அப்புறம் ஏன் என்னை அசிங்கப்படுத்தினீங்க? அந்தச் சக்கரம் என்ன விலைக்குப் போகும்னு எனக்குத் தெரியும். அது ஏறினா அவன் வண்டி லட்சத்துக்குப் போகும்னும் தெரியும். மரை வேறன்னும் தெரியும். எல்லாம் தெரிஞ்சவனைத் தலைகுனிய வச்சிட்டீங்களே!”

மாஸ்டர் கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்துத் துணியால் துடைத்து அவரிடம் கொடுத்தார். பிறகு சாக்கைக் காட்டினார். காட்டர் பின் வைத்திருந்த இடத்தில் ஒரு பொட்டு எண்ணெய்க் கறை. வேறு ஒன்றும் இல்லை.

“கழண்டு கெடந்தா மூவாயிரம் அண்ணே,” என்றார். “அது இன்னும் கழலலையே.”