பெயர் மாற்றப்பட்ட சாட்சி

பிறந்த பிள்ளைக்கு ஒரு பெயர் வைக்க வீடே கூடிப் பத்து நாள் சண்டை போடும். மனித உரிமை அமைப்புக்காரர்கள் ஐந்தே நிமிடத்தில் வைத்துவிடுவார்கள். அப்படி வைத்த ஒரு பெயரால் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். கதையின் முடிவில் ஒரு கேள்வி வரும், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கீழவலசைக் காவல் நிலையத்தில் கருப்பண்ணன் என்ற லாரி கிளீனர் இறந்துபோனான். வயது இருபத்து நான்கு. கழிவறையில் வழுக்கி விழுந்தான் என்றது போலீஸ். நம் ஊர்க் காவல் நிலையக் கழிவறைகளை மட்டும் எந்த எண்ணெய் ஊற்றிக் கழுவுகிறார்களோ, தெரியவில்லை.

நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் அங்கம்மாள் பின்பக்க ஜன்னல் வழியே வேறொன்றைப் பார்த்திருந்தாள். மதுரையிலிருந்து வந்த உண்மை அறியும் குழுவின் பூங்கோதையிடம் அதை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் பூங்கோதையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பேரு மட்டும் வெளிய வந்துரக் கூடாதும்மா. ரெண்டு பொட்டப் புள்ளைகள வச்சிருக்கேன்."

"என் உயிரே போனாலும் வராதும்மா. இது சத்தியம்," என்றாள் பூங்கோதை.

இந்த அமைப்புகளுக்கென்று ஒரு முறை உண்டு. சாட்சிக்கு மாற்றுப் பெயர் கொடுப்பார்கள். அந்தப் பெயரில் ஊரில் வேறு யாரும் இருந்துவிடக் கூடாதே என்று வாக்காளர் பட்டியலையும் புரட்டிவிடுவார்கள். பூங்கோதை 'செவ்வந்தி' என்று எழுதினாள். பட்டியலை இரண்டு தடவை பார்த்தாள். கீழவலசையில் செவ்வந்தி என்று யாருமில்லை.

எண்பது பக்க அறிக்கை ஜெனீவாவில் உள்ள ஓர் உலக அமைப்புக்குப் போனது. அவர்கள் தில்லியிடம் விளக்கம் கேட்டார்கள். தில்லி சென்னையைக் கேட்டது, சென்னையிலிருந்து மாவட்டத்துக்குக் கேள்வி போனது. ஒவ்வோர் அலுவலகமும் சுருக்கிச் சுருக்கி அனுப்பியதில், 'பெயர் மாற்றப்பட்டுள்ளது' என்ற அடிக்குறிப்பு வழியிலேயே காணாமல் போயிற்று. கடல் தாண்டிப் போன புகார் கடைசியில் அடித்தவர்களின் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

இப்போது கேளுங்கள் கொடுமையை. காவல் நிலையத்தின் பின் தெருவில் உண்மையாகவே ஒரு செவ்வந்தி இருந்தாள். ஆவணியில்தான் கல்யாணமாகி வந்தவள். அவளுடைய ஓட்டு இன்னும் பிறந்த ஊரிலேயே இருந்தது. காலை பத்து மணிக்கு ஜீப் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது.

செய்தி கேட்டுப் பூங்கோதையும் அமைப்பின் வக்கீல் ஆரோக்கியசாமியும் பதறியடித்து வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. செவ்வந்தியின் கணவன் வேல்ச்சாமி நிலையத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். ஒரு காலில் அவன் செருப்பு, மறு காலில் அவளுடைய செருப்பு. பூங்கோதை அங்கம்மாளின் பெயரை மட்டும் விட்டுவிட்டு நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள்.

"ஊர் உலகத்துல வேற பேரே கெடைக்கலையாக்கா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டான்.

பூங்கோதை அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

டீ வாங்க வெளியே வந்த ஏட்டு வேல்ச்சாமியைப் பார்த்து, "வாயத் தொறக்கவே மாட்டேங்குறாப்பா. நீதான் பாத்தியான்னா ஆமாங்கல, இல்லைங்கல. இன்ஸ்பெக்டர் ஐயா செம கோவத்துல இருக்காரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பூங்கோதை எழுந்தாள். "நான் உள்ளே போறேன். அது நான் வச்ச பேரு, இந்தப் பொண்ணு எதையும் பார்க்கலைன்னு சொல்லிடறேன்."

"சொன்னா அடுத்த கேள்வி என்ன வரும்?" என்று மறித்தார் வக்கீல். "அப்ப பார்த்தவ யாருன்னு கேப்பான். அந்த ஜன்னல் பக்கம் போற பொம்பளை இன்னும் எத்தனை பேரு? கொடுத்த வாக்கைக் காப்பாத்துங்க, பேசாம இருங்க. ஜெனீவாவுக்குத் தகவல் சொல்லி மேலேருந்து அழுத்தம் கொடுப்போம்."

"மேலேருந்து வர்றதுக்குள்ள உள்ள இருக்கவ என்ன ஆவா சார்?" என்றான் வேல்ச்சாமி.

அந்த நேரம் பார்த்துப் பிற்பகல் வேலைக்காக அங்கம்மாள் வந்தாள். செவ்வந்தியை ஜீப்பில் ஏற்றிப் போனதை வழியிலேயே கேள்விப்பட்டிருந்தாள். பூங்கோதையின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"நாந்தான் பாத்தேன்னு நானே போயிச் சொல்லிடுறேன். ஊரார் பெத்த புள்ள எனக்காக உள்ள கெடக்கறதா?"

வேல்ச்சாமி திகைத்துப்போய் அவளையே பார்த்தான். பிறகு தனக்குத்தானே பேசுகிறவன் மாதிரிச் சொன்னான்: "யாரோ பாத்தாங்க. பாத்தது ஒரு குத்தமா?"

உண்மையைச் சொல்லி மீட்கலாம் என்கிறாள் பூங்கோதை. சத்தியத்தைக் காக்க வேண்டும் என்கிறார் வக்கீல். தன் தலையையே கொடுக்கிறேன் என்கிறாள் அங்கம்மாள். உள்ளே ஒருத்தி வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: பூங்கோதை, வக்கீல், அங்கம்மாள் மூவரும் 'பார்த்தது யார்' என்ற இன்ஸ்பெக்டரின் கேள்விக்குள்ளேயே சிக்கிக்கொண்டார்கள். பார்க்காதவளை விட்டுவிடு என்று கேட்டால், பார்த்தவளைப் பிடித்து வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா? 'பாத்தது ஒரு குத்தமா' என்ற வேல்ச்சாமியின் வார்த்தையில்தான் வக்கீலுக்கு உறைத்தது. சாட்சி என்று விசாரிப்பதானால் ஒரு பெண்ணை அவள் வீட்டில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், நிலையத்துக்கு இழுத்து வரக் கூடாது என்பது சட்டம். எண்பது பக்கம் எழுதியவர்களுக்கே அது மறந்துபோனதை நினைத்தால் எனக்கு இன்னும் திக்கென்கிறது. வக்கீல் உள்ளே போய், சட்டத்தின் எந்தப் பிரிவில் இவளை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேட்டார். அரை மணி நேரத்தில் செவ்வந்தி வெளியே வந்தாள், அங்கம்மாளின் பெயர் யார் வாயிலும் வரவில்லை. ஆனால் சரியாகச் செய்தவர் யார் என்று என்னைக் கேட்டால், நான் செவ்வந்தியைத்தான் சொல்வேன். "நான் பாக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா புள்ள?" என்று வேல்ச்சாமி அழுதபோது அவள் சொன்னாள்: "நான் இல்லைன்னா இன்னொருத்தியத்தான தேடுவாங்க."