ஒரு முங்கு

"ஆத்துல ஒரு முங்கு முங்கணும்போல இருக்கு அம்மா," என்றாள் உமையாள்.

ஆற்றங்கரை ஆசிரமத்துக் குரு தில்லையம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஆறு பக்கத்துலதானே ஓடுது. போய் முங்கு."

"படித்துறைக்கு மேல அவர் நிக்கிறார்."

அவர் என்றால் அவள் புருஷன். அடி பொறுக்காமல் ஓடிவந்து ஆசிரமத்தில் சேர்ந்தவள் உமையாள். மனுஷன் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டான்.

"கிட்ட வர்றாரா?"

"இல்லம்மா. நிக்கிறார், பார்க்கிறார். படியில பூப்பொட்டலம் வச்சிட்டுப் போறார். எந்நேரம் போனாலும் எனக்கு முன்னாடியே வந்து நிக்கிறார்."

ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கண்ணை மூடித் தலையை முக்க முடியல. சின்ன வயசுல தண்ணியே கதின்னு கிடந்தவ நான். இப்போ ஆத்துச் சத்தம் கேட்டாலே ஏக்கமா இருக்கு."

சமையல் பார்க்கும் சீடர் சடையப்பனுக்கு இதைக் கேட்டு மனசு ஆறவில்லை. அவளுக்காக அல்ல, அந்தப் புருஷனுக்காகத்தான்!

"பாவம்மா அந்த மனுஷன். வெயில்ல காயுறார். நான்தான் மோர் கொடுத்தேன். அடிக்கிற கைதான் அணைக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

"இவ குளிக்கப் போற நேரம் அவருக்கு எப்படித் தெரியுது?"

"கேட்டார், சொன்னேன். யார் எது கேட்டாலும் ஒளிக்காம சொல்லணும்ங்கிறது நம்ம ஆசிரமத்து விரதமாச்சே." பெருமை வேறு.

தில்லையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அடுக்களை வாசலில் போய் நின்று சடையப்பனைப் பார்த்தார்.

சடையப்பன் காய் நறுக்கினார். அம்மா பார்த்தார். இவர் கிணற்றடிக்குப் போனார். அம்மா அங்கேயும் வந்து நின்றார். சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்து விழித்தால், தலைமாட்டில் ஒரு முழம் மல்லிகையோடு உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் சடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் குழம்பில் இரண்டு தரம் உப்பைப் போட்டார். பொழுது சாய்வதற்குள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல."

"பின்ன ஏன் இப்படிப் பார்க்கிறீங்க?"

"உன் மேல பிரியம். அடிச்சேனா? திட்டினேனா?"

"ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூடத் தேவலையே!"

சொல்லிவிட்டார். சொன்ன வாய் மூடவில்லை. மெல்லத் திரும்பி உமையாளைப் பார்த்தார். பிறகு தலை குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை ஆசிரமமே திரண்டு போய்ப் படித்துறைக்கு மேலே நின்றது. முன்னால் சடையப்பன்.

"இன்னைக்கு அவ எப்போ வருவா?" என்று கேட்டான் புருஷன்.

சடையப்பன் வாயைத் திறக்கவில்லை. வழியையும் விடவில்லை. ஒருவரும் நகரவில்லை. அவன் முறைத்துப் பார்த்தான், முணுமுணுத்தான், கடைசியில் வந்த வழியே போய்விட்டான்.

பிறகுதான் உமையாள் ஆற்றில் இறங்கினாள். கழுத்தளவுத் தண்ணீரில் போய் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"அவர்தான் போயிட்டாரே அம்மா. ஆனாலும் கண்ணு மூடமாட்டேங்குது."

தில்லையம்மாள் கட்டிய புடவையோடு தண்ணீருக்குள் இறங்கினார். அவளுக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்து நின்றார்.

"நான் முழிச்சிருக்கேன். நீ முங்கு."