ஐஸ்லாந்து மாமன் கொண்டாந்த மாவு

கிடாயைக் காணோம். கோயில் மைதானத்தில் பந்தல் போட்டாச்சு, சொந்தபந்தம் மொத்தமும் வந்திறங்கியாச்சு, அடுப்பில் அண்டா கொதிக்கிறது. காதுகுத்துக்குத் தாய்மாமன் கொண்டுவர வேண்டிய மூணு கிடாயைத்தான் காணோம். தாய்மாமன் வீரணன் தோளில் ஒரு பையோடு மட்டும் வந்து நின்றான்.

தங்கச்சி தனக்கொடி அவனை ஓரமாக இழுத்தாள். “எங்கண்ணே கிடா?” என்று காதோரம் கேட்டாள்.

“வண்டி அச்சு முறிஞ்சு உசிலம்பட்டிகிட்ட நிக்குது தனம். வேற வண்டியில மாத்தி ஏத்துறாய்ங்க. அதுவரைக்கும் நான் பேசிச் சமாளிக்கிறேன்.”

அவளுக்குப் பயமே அந்தப் பேச்சுதான்.

அதற்குள் அவள் மாமனார் ஒச்சப்பன் துண்டை உதறிக்கொண்டு வந்துவிட்டார். “ஏப்பா மாப்ளே, சீர் எங்க? வெறுங்கையோட வந்த மாமன் மடியில என் பேரனை உக்கார வைக்க மாட்டேன். இப்பவே ஊரப் பாக்கக் கெளம்பிருவோம்.”

“கிடா எதுக்கு மாமா?” என்றான் வீரணன், பையைத் தட்டி. “நூறு கிடா இதுக்குள்ள இருக்கு.”

ஆட்கள் நெருங்கி வந்தார்கள். ஐஸ்லாந்தில் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் அவன் பைப் மாட்டுகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். திறந்து பார்த்தால் மஞ்சளாக மாவு.

“கடலைமாவு” என்றார் ஒச்சப்பன்.

“கடலைமாவா! மாமா, அங்கன பூமி தன்னால கொதிக்கும். நான் சொம்புல அரிசியப் போட்டு இடுப்புல கட்டிக்கிட்டு வேலைக்கு நடப்பேன். போய்ச் சேர்றதுக்குள்ள சோறு பொங்கிரும்.”

“இடுப்பு வேகலயா?”

“பழகிருச்சு மாமா. அந்தக் கொதிக்கிற ஊத்துக்குள்ளதான் இந்த மாவைக் குடுக்குற கிருமி இருக்கு. ஒவ்வொண்ணும் காளை கணக்கா திமிரும். நான்தான் கொம்பைப் புடிச்சு அடக்கி...”

“கிருமிக்குக் கொம்பா?”

“பூதக்கண்ணாடியில பாத்தாத் தெரியும்!”

தனக்கொடி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. ஒச்சப்பன் இன்னும் கிளம்பவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

“ஒருநாள் கிருமி வளக்குற தொட்டி வால்வை மூட மறந்து டீ குடிக்கப் போயிட்டேன். திரும்பி வந்தா மாவு பொங்கிக் கூரையைப் பேத்துக்கிட்டுத் தெருவுக்கு வந்திருச்சு. பனி பெய்ஞ்சிருக்குன்னு சனம் சறுக்கி விளையாடுது. ஒரு சொறிநாய் ரெண்டு வாய் நக்குச்சு பாருங்க, போலீஸ் ஜீப்பைக் கவ்வி மலையுச்சிக்கு இழுத்துட்டுப் போயிருச்சு!”

“ஜீப்புல போலீஸ் இருந்தாரா?”

“மூணு பேர். இறங்கி வர மனசில்லாம அங்கயே ஸ்டேசன் கட்டிட்டாக.”

“அந்த மாவை ஒரு ஈ தின்னிருந்தா?” என்று எவனோ எடுத்துக் கொடுத்தான்.

“தின்னுச்சே! என் சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிட்டுப் பறந்திருச்சு. நல்லவேளை, நான் அதோட கால்ல தொங்குனேன். கடலைத் தாண்டி மறுகரையில கொண்டுபோய் இறக்கிவிட்டுச்சு.”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சமையல்காரர் சீனி இதுதான் சாக்கென்று மாவை வாங்கி, வெங்காயம், சோம்பு, பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்து உருட்டி எண்ணெயில் போட்டார். வாசனை பந்தலைச் சுற்றியது. ஒச்சப்பன் வேண்டா வெறுப்பாக ஒன்றை எடுத்தார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் தட்டோடு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கிடாய் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தபோது அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. “நிக்கட்டும்ப்பா. இந்த ஈடு முடியட்டும்” என்றார்.

தனக்கொடி அதற்குமேல் காத்திருக்கவில்லை. மகனைத் தூக்கி அண்ணன் மடியில் உட்கார வைத்தாள். ஒச்சப்பன் தடுக்கவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார். “மாப்ளே, வெளையாட்டெல்லாம் போதும். கோயில்ல உக்காந்திருக்க. இது என்ன மாவு? நெசத்தைச் சொல்லு.”

வீரணனின் முகம் மாறியது. மருமகன் தலையைத் தடவிக்கொண்டே, குரலை இறக்கி, முதல் தடவையாக உள்ளதைச் சொன்னான்.

“சத்தியமா மாமா, கொதிக்கிற ஊத்துல கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா இருக்கு. கரண்ட் விட்டுத் தண்ணியப் பிரிச்சா ஹைட்ரஜன் வரும். அந்த வாயுவையும் காத்துல உள்ள கரியமிலவாயுவையும் தின்னே அது வளருது. கொஞ்சம் உப்பு, உரச்சத்து மட்டும் கலந்து விடுவோம். வயல் கிடையாது, மழை கிடையாது, ஆடுமாடு கிடையாது. வளந்ததைக் காயவச்சா இந்த மாவு. முக்கால்வாசி புரோட்டீன்.”

ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒச்சப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தனக்கொடி பக்கம் திரும்பினார்.

“நாய் ஜீப்பை இழுத்தது சரி, ஈ ஆளைத் தூக்குனதும் சரி. ஆனா கோயில்ல வச்சுச் சத்தியம் பண்ணி இப்பிடிப் புளுகுறான் பாரு, உங்கண்ணனை இனி நம்பவே கூடாதும்மா.”